மூட்டைக்காரர் குப்புறப் படுத்திருக்கிறார்

கண் மருத்துவர் அதிகம் பேசவில்லை. பதினான்கு நாள் தரையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நின்றாலும் தரை, நடந்தாலும் தரை, சாப்பிட்டாலும் தரை, படுத்தால் குப்புற. அவனுடைய வலது கண்ணின் விழித்திரை, ஈரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோலப் பெயர்ந்துவிட்டது. அதை ஒட்டவைத்து, ஒட்டியது மறுபடி விலகாமல் இருக்க உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி எப்போதும் மேலே எழும்பத்தான் பார்க்கும். முகம் கவிழ்ந்திருந்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் விழித்திரையை அமுக்கிப் பிடிக்கும்.

"தலைய நிமிர்த்தினா நான் பண்ணினதெல்லாம் வீணாப் போயிடும்," என்றார் மருத்துவர். அப்போதே அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய செருப்பின் நுனி தன் பக்கம் இல்லாமல் மனைவியின் பக்கம் திரும்பியிருந்ததைக் கவனித்தான். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மனைவியின் தம்பி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அவன்தான் பழக்கப்பட்ட பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமிருந்து, முகம் வைக்கும் இடத்தில் ஓட்டை போட்ட நீளமான மேஜை ஒன்றை இரவல் வாங்கி வந்து முன்னறையில் போட்டான். ஓட்டைக்குள் முகத்தைப் பதித்துக்கொண்டால் கீழே நாலு தரை ஓடுகள் தெரியும், மேஜைக்கால் ஒன்று தெரியும், வருகிறவர்களின் பாதம் தெரியும். அவ்வளவுதான் உலகம். அதுவும் கலங்கலாகத்தான். மூக்குக்கண்ணாடியோடு அந்த ஓட்டையில் முகம் வைக்க முடியாது. கண்ணாடி இல்லாவிட்டால் நல்ல கண்ணான இடது கண்ணுக்கும் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். வலது கண்ணில் குமிழி ஒரு சாம்பல் நிற நிலாவைப்போல நடுவில் நின்று, அவன் மூச்சு விட்டால் லேசாக ஆடியது.

மேஜையைப் போட்டுவிட்டு மச்சான் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தான். மாமாவின் வேலையைக் கிண்டல் பண்ணாமல் அவனால் இருக்க முடியாது.

"நான் ஏத்துற கன்டெய்னர் ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியுது. உங்க கன்டெய்னர் எங்கதான் இருக்கு மாமா?"

அவனும் எத்தனையாவது முறையாகவோ தரையைப் பார்த்தபடி விளக்கினான். ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள். எழுதினவரின் கணினியில் அது சமர்த்தாக ஓடும். எங்கோ இருக்கும் பெரிய கணினிகளுக்கு அனுப்பினால், அது இல்லை, இது சரியில்லை என்று முரண்டு பிடிக்கும். அதனால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டிதான் கன்டெய்னர். எந்த ஊரில் திறந்தாலும் உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அப்படிக் கட்டித் தருகிற கருவியைத்தான் அவன் எட்டு வருடத்துக்கு முன் எழுதினான். அடியில் அஸ்திவாரம், அதன் மேல் ஜாவா, அதன் மேல் நூலகங்கள் எனப்படும் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் அவரவர் எழுதியது. மேலே உள்ளது மாறினால் மேலே உள்ளதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.

அடிக்கடி இறக்குகிறதைக் கதவோரமாக வைக்க வேண்டும் என்பது லாரியில் கிளீனராக இருப்பவனுக்கே தெரியுமே, இதற்கா இத்தனை படிப்பு என்று கேட்டுவிட்டு மச்சான் கிளம்பிப் போனான்.

அந்தக் கருவிக்கு மூட்டை என்று பெயர். ஏதோ ஒரு மதியம் வேறு பெயர் தோன்றாமல் வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டு வைத்தான். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் படாத பாடு பட்டது. அதன் இணையப் பக்கத்தில் பேசிக்கொள்ளும் ஒன்றிரண்டு தமிழர்கள் அவனை மூட்டைக்காரர் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. மற்றவர்களும் அங்கே புனைபெயரில்தான் உலாவினார்கள். ஒருவர் ஆந்தை, ஒருவர் நத்தை, ஒருவர் ஈரக்குடை. அவர்களில் ஒருவரையும் அவன் நேரில் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் மனைவியின் பாதங்கள் ஓட்டைக்குக் கீழே வந்து நின்றன. பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அது இருப்பதே அவனுக்கு இந்த மூன்று நாளில்தான் தெரியும்.

"உங்க மூட்டைக்கு நாப்பது லெட்டர் வந்திருக்கு," என்றாள். "படிக்கவா, அப்படியே கெடக்கட்டுமா?"

கிடக்கட்டும் என்றுதான் சொல்ல நினைத்தான். ஆனால் படி என்றான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மதியம், கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சொன்ன தேதி தவறக்கூடாது என்று புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். ஆஸ்பத்திரிப் பை வாசலில் காத்திருந்தது. வாடகைக் கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படித்தாள். கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. சிலதை அப்படியே படித்தாள், சிலதைத் தமிழில் சொன்னாள். எல்லாருக்கும் ஒரே புகார்தான். தங்கள் கணினியில் கட்டாமல் ஓட்டினால் மென்பொருள் ஓடுகிறது, புதிய பதிப்பால் கட்டி அனுப்பினால் கன்டெய்னருக்குள் போய் விழுந்துவிடுகிறது. ஏதோ ஒரு கோப்பு இல்லையென்று சொல்கிறது. ஆந்தை ஒரு வரிதான் எழுதியிருந்தார்: இந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, செத்துவிட்டதா?

"மூட்டைன்னு பேர் வச்சா பூச்சி வராம என்ன பண்ணும்," என்றாள் மனைவி. மென்பொருளில் வரும் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்பார்கள் என்பது இத்தனை வருடத்தில் அவள் காதில் விழுந்திருந்தது. அவன் சிரித்தான், மேஜை ஆடியது, குமிழியும் ஆடியது.

நத்தையின் கடிதம்தான் அவனை உலுக்கியது. நத்தை ஒரு சிறிய மருத்துவமனையில் கணினி பார்த்துக்கொள்கிறவர். அங்கே சமையற்கட்டுக்கு ஒரு பழைய ஜாவா மென்பொருள் இருந்தது. எந்தக் கட்டிலுக்கு உப்பில்லாமல், எந்தக் கட்டிலுக்கு அரைத்துக் கூழாக என்று அதுதான் சொல்லும். வரும் திங்கட்கிழமை பழைய கணினியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கன்டெய்னர் தளத்துக்கு மாற்றுகிறார்கள். முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. புதிய தளம் அதை ஏற்றுக்கொள்வதில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, உங்கள் உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்தும் மாத்திரையும் அவனைப் பகலெல்லாம் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மிதக்கவிட்டிருந்தன. கோப்பு எப்படி இல்லாமல் போகும் என்று யோசிக்கத் தொடங்கினால், யோசனை பாதியில் கரைந்து வேறொன்றாகிவிடும். குமிழிக்குள் ஒரு நீண்ட சமையற்கட்டு தெரிந்தது. வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டிலும் எழுத்து இல்லை. குமிழியின் விளிம்பில் ஒரு நத்தை அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கண் விழித்தால் தரை ஓட்டில் வெயில் ஒரு சாண் நகர்ந்திருக்கும். பக்கத்து அறையில் மனைவி ஏதோ தட்டச்சு செய்யும் ஓசை கேட்கும்.

அவள் என்ன தட்டினாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. இவனைக் கேட்காமலே எல்லாருக்கும் பொதுவாக ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். அதை அவனுக்குப் படித்தும் காட்டினாள்: "மூட்டைக்காரர் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னும் பத்து நாள் நிமிரக்கூடாது. நான் அவர் மனைவி. எனக்குக் கணினி தெரியாது, படிக்கத் தெரியும். நீங்கள் எழுதுவதை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா என்று முனகினான். சொல்லாமல் இருந்தால் செத்துவிட்டதாக எழுதுகிறார்களே, அதற்கு இது தேவலை என்றாள் அவள்.

அவள் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். பத்தொன்பது வருடமாக அதே அச்சகம். இந்தப் பதினான்கு நாளுக்கு விடுப்பு எடுத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் அவன் ஒரு வேலை சொன்னான். மூன்று வருடத்துக்கு முன் நத்தைக்கு இதே மாதிரி ஒரு சிக்கல் வந்தபோது ஏதோ வழி சொன்ன ஞாபகம். அந்தப் பழைய உரையாடலைத் தேடிப் படிக்கச் சொன்னான். அவள் தேடிப் பிடித்துப் படித்தாள். நத்தை அப்போது வேலைக்குப் புதியவர். பதினேழு முறை கேட்டிருந்தார், பதினேழு முறையும் இவன் பதில் எழுதியிருந்தான். தன்னுடைய வார்த்தைகள் அவள் குரலில் வருவதைக் கேட்க அவனுக்கு விநோதமாக இருந்தது. வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது.

"தெரியாததைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை," என்று படித்தாள். "இன்றைக்குப் போதும். போய்த் தூங்குங்கள். நாளைக்கு எழுந்து நிதானமாக வந்து சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் இங்கேதான் இருப்பேன்."

அதற்கு மேல் குரல் வரவில்லை. பாதங்கள் அசையவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தேதி பாத்தேன்."

தேதியில் என்ன என்று கேட்டான். அவள் மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அந்த வாரம்தான் அச்சகத்தில் ஒரு பாடப்புத்தகம் அச்சாகி வந்திருந்தது. பதினெட்டாயிரம் பிரதி. அட்டையில் வேதியியல் என்று போட வேண்டும். கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை. வேதியியல என்று நின்றது. கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"யாரும் திட்டல. அதான் கஷ்டமா இருந்துச்சு," என்றாள். "ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம்னு சொல்லிட்டாங்க. நான்தான் நானே ஒட்டறேன்னு கேட்டேன். ஒம்பது நாள் குடோன்ல உக்காந்து ஒட்டினேன். மொத நாள் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தீங்க. அப்புறம் பேசலாம்னு சொன்னீங்க. ஒம்பது நாளும் என் கையெல்லாம் பசை. ஏன்னு நீங்க கேக்கல."

அதற்குப் பிறகு அவள் புரூஃப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பக்க எண் வரிசையாக இருக்கிறதா, படங்கள் தலைகீழாகப் போகவில்லையா என்று பார்க்கிற மேஜைக்குத் தானாகக் கேட்டு மாற்றிக்கொண்டாள். அவள் புரூஃப் பார்க்கிறாள் என்றே மூன்று வருடமாக அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்து அவள் கையைப் பிடிக்கலாம் என்றால் எழ முடியாது. முகத்தைப் பார்க்கலாம் என்றால் பார்க்கக் கூடாது. வெளியே போய்விடலாம் என்றாலும் முடியாது. ஓட்டைக்குள் பதிந்த முகத்தோடு அவன் கிடந்தான். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரை ஓட்டில் விழுந்தது; கண் மருந்தா வேறா என்று அவனுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அது ரொம்பச் சின்னதாகத் தோன்றியதால் நிறுத்திக்கொண்டான்.

"அந்த ஒம்பது நாளும் மதியம் எங்க சாப்பிட்ட?" என்று கேட்டான்.

அவள் எதிர்பார்க்கவில்லை போலும். கொஞ்சம் யோசித்தாள். குடோனுக்குப் பின்னால் இரும்புப் படி ஒன்று உண்டு, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றாள். பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். பைண்டிங் பிரிவிலிருந்து ஒரு பெரியம்மா தினமும் துணைக்கு வந்து உட்கார்ந்ததை, ஸ்டிக்கரின் ஓரம் நகத்தைக் கிழித்ததை, நான்காம் நாள் கைக்கு வேகம் பிடித்து ஏதோ ஒரு சந்தோஷம்கூட வந்ததை, குடோனில் மதியம் மூன்று மணிக்கு மட்டும் கூரையின் ஓட்டை வழியாக வெளிச்சம் ஒரு தூணைப்போல இறங்கியதை. அவன் நடுவில் பேசவில்லை. அவள் குரல் மேலே எங்கிருந்தோ, நீருக்கு மேலிருந்து கேட்பதுபோல இறங்கி வந்தது. அந்தத் தூணில் தூசி சுழன்றதை அவன் குமிழிக்குள் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் இரும்புப் படியில் உட்கார்ந்திருந்தான். தரை ஓட்டின் மேல் வெயில் சாய்ந்து மேஜைக்காலைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவள் பேசினாள்.

அன்றைக்கு யாருடைய கடிதத்துக்கும் பதில் போகவில்லை.

மறுநாள் பார்த்தால் அவளுடைய குறிப்புக்குக் கீழே எழுபதுக்கு மேல் பதில்கள். முக்கால்வாசிப் பேர் பூச்சியைப் பற்றி எழுதவேயில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆந்தை, தான் எழுதியது தவறு, நிதானமாக வரட்டும் என்று இரண்டே வரி எழுதியிருந்தார். ஈரக்குடை என்பவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதே சிகிச்சை நடந்ததாம். அவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் வையுங்கள், பேசுகிறவரின் முகமாவது தெரியும்.

அவள் படுக்கையறையிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து தரையில் சாய்த்து வைத்தாள். முதலில் உத்தரம் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. அப்புறம் அவள் குனிந்தாள். ஆறு நாளாகப் பாதமாக மட்டும் இருந்தவள், ஆழத்தில் ஒரு கிணற்று நீரில் தெரிவதுபோல அங்கே வந்தாள். கலங்கலாகத்தான் இருந்தாள். ஆனாலும் நெற்றியோரத்து நரையை அவன் பார்த்தான். தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றான். விசிறி அவள் தலைக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவே ஒரே ஒரு நாள். நத்தையிடம் கேட்டு, மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வரவழைத்திருந்தான். கன்டெய்னர் இல்லையென்று சொல்லும் கோப்பின் பெயரை அவள் படித்தாள். மெனு டாட் எக்ஸ்எம்எல். பட்டியலைப் படித்தாள். அதிலும் மெனு டாட் எக்ஸ்எம்எல். இருக்கிற கோப்பை இல்லையென்கிறதே, என்ன மாயம் இது என்று அவன் தலையைப் பிய்த்துக்கொண்டான். பிய்த்துக்கொள்ளக் கைதான் எட்டவில்லை. இரண்டு நாளாக இதே இடத்தில்தான் மாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இப்படி மேலோட்டமாப் படிச்சா ஆகாது," என்றாள் அவள் திடீரென்று. "பிரஸ்ல படிக்கிற மாதிரி படிக்கிறேன். எழுத்து எழுத்தா."

அச்சகத்தில் இரண்டு பேராக உட்காருவார்கள். ஒருத்தி மூலத்தை வாய்விட்டுப் படிப்பாள், மற்றவள் அச்சானதைப் பார்ப்பாள். கமா, புள்ளி, இடைவெளி, எழுத்து பெரிசா சின்னதா எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அவள் அப்படிப் படிக்கவில்லை. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணாடிக்குள் அவள் முகம் வேறொருத்தியின் முகமாக மாறியது. அச்சக மேஜையில் உட்காரும் முகம், அவன் ஒருநாளும் பார்த்திராத முகம்.

"சாய்கோடு. ஆப். சாய்கோடு. எம், பெரிசு. இ, சின்னது. என், சின்னது. யு, சின்னது. புள்ளி..."

பிறகு பட்டியலுக்குப் போனாள்.

"சாய்கோடு. ஆப். சாய்கோடு. எம்..." என்று நிறுத்தினாள். "எம், சின்னது."

அவன் தலை தானாகத் தூக்கிக்கொண்டது. அவள் உள்ளங்கை அதே வேகத்தில் பிடரியில் விழுந்து அமுக்கியது.

"படுங்க."

படுத்தபடியே அவன் சிரிக்கத் தொடங்கினான். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கன்டெய்னருக்குள் இருக்கும் கணினிக்குப் பெரிய எம் வேறு, சின்ன எம் வேறு. ஒன்றைக் கேட்டு மற்றதைக் கொடுத்தால் இல்லையென்றுதான் சொல்லும். புதிய பதிப்பில் கோப்புகளை அகரவரிசையில் அடுக்குவதற்காக, பெயர்களையெல்லாம் தற்காலிகமாகச் சின்ன எழுத்தாக்கி ஒப்பிட்டிருந்தான். ஒப்பிட்டு முடித்ததும் பழைய பெயரைத் தூக்கி வைப்பதற்குப் பதில், அந்தச் சின்ன எழுத்துப் பெயரையே மூட்டைக்குள் வைத்துவிட்டான். சோதனைக்காக வைத்திருந்த அவனுடைய சொந்தக் கோப்புகளுக்கெல்லாம் சின்ன எழுத்தில்தான் பெயர். அவன் வீட்டில் பெரிய எழுத்தே கிடையாது. அதனால் அவனுக்கு எல்லாம் சரியாக ஓடியது. வாசலில் கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தபோது எழுதிய ஒற்றை வரி.

"ஒரு எழுத்துதான், இல்ல?" என்றாள் அவள்.

"ஒரு எழுத்துதான்."

"எத்தனை பேருக்கு?"

எத்தனை ஆயிரம் பேர் என்று தனக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டான். உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை, அது ஒன்றுதான் வசதி என்றாள். கண்ணாடிக்குள் அவள் வாய் ஓரம் கோணியது.

திருத்தத்தை அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு வரியை மாற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அடைப்புக்குறி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று அவள் கேட்ட கேள்விகளுக்கு அவன் இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னதில்லை. பெரிய எழுத்தில் பெயர் வைத்த ஒரு கோப்பையும் சோதனையில் சேர்க்கச் சொன்னான். என்ன பெயர் வைக்க என்று கேட்டவள், அவன் பதிலுக்குக் காத்திராமல் தானே ஒன்று வைத்துக்கொண்டாள். அது என்ன என்று அவனிடம் சொல்லவில்லை.

வெளியிடும்போது கடவுச்சொல் கேட்டது. அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. அகராதியை எங்கெங்கோ பிரித்து, கண்ணில் பட்ட சொற்களைக் கோத்து வைத்த ஒரு வரி அது. வேறு வழியில்லாமல் அவளை அருகில் வரச் சொல்லி, வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"நனைஞ்ச ஏணிமேல ஏழு நாரைங்க ரயிலுக்குக் காத்திருக்கு."

அவள் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகத் தட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் நீங்க சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான் என்றாள். அந்த மதியம் அவன் கண் அயர்ந்தபோது நாரைகள் வந்தன. அவசரமில்லாமல் ஒற்றைக்காலில் நின்றன. ரயில் வரவில்லை. ஒன்றும் குறையாகவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மதியம் நத்தையிடமிருந்து கடிதம் வந்தது. பழைய கணினியை அணைத்துவிட்டார்கள். காலை உணவு இருநூற்றுப் பதினொரு தட்டு, ஒன்றுகூட மாறாமல் போனது. தலைமைச் சமையல்காரர் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்பதையே கவனிக்கவில்லையாம். அதைவிட நல்ல செய்தி இல்லை என்று எழுதியிருந்தார் நத்தை. நன்றி என்று அவர் எழுதியது மூட்டைக்காரருக்கு இல்லை. படிக்கத் தெரிந்தவருக்கு என்று எழுதியிருந்தார். அவள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தாள். குரல் தடுக்கியதை வைத்து ஏதோ விட்டுப்போனதை அவன் கண்டுபிடித்து, விட்டதைப் படிக்கச் சொன்னான்.

மிச்ச நாட்களில் அவள் மூட்டையின் பயன்பாட்டுக் குறிப்புகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எட்டு வருடமாக அவன் எழுதிக் குவித்தது. நூற்று நாற்பது பிழை கண்டுபிடித்தாள். இந்த வாக்கியம் முடியவேயில்லை, இது உங்களுக்கே புரியுமா, இங்கே யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு அவனை ஒருவழி பண்ணினாள். சில பக்கங்களை நத்தையோடு சேர்ந்து புதிதாக எழுதினாள். அவன் குப்புறக் கிடந்தபடி இருவருடைய தட்டச்சையும் நினைத்துக்கொண்டு தூங்கிப்போவான்.

பதினான்காம் நாள் மச்சான் வந்து மேஜையை எடுத்துப் போனான். மருத்துவமனையில் மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டியிருக்கிறது என்றார். பார்வை பழையபடி முழுசாக வராது, கோடுகள் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். குமிழி இன்னும் நாலைந்து வாரத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார். அவன் தலையை நிமிர்த்தினான். கழுத்து மரக்கட்டையாக இருந்தது. குமிழி கண்ணுக்குள் பாதிக் குடத்து நீர்போல நின்றது. தலையைச் சாய்த்தால் அதன் மட்டமும் சாய்ந்தது. அந்த நீர்க்கோட்டுக்கு மேலே மருத்துவரின் சட்டைப் பொத்தான்கள், சுவர்க் கடிகாரம், கதவருகே மனைவி.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலை பதினோரு மணி வெளிச்சம். எதிர்ப்பக்கத்துக் கட்டடங்கள் லேசாக வளைந்து நின்றன. நடந்துபோகிறவர்கள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்து, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போனார்கள். அவன் சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்து, பார்க்காமலே அணைத்து வைத்தான்.

நாளை அச்சகத்துக்குப் போகிறாயா என்று கேட்டான். போகிறேன் என்றாள். எந்த மேஜைக்கு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவள் சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டான்.

"ஒரு புஸ்தகம் வந்திருக்காம்," என்று அவளே ஆரம்பித்தாள். "பாசியப் பத்தி. அறுநூறு பக்கம். பாசியப் பத்தி அறுநூறு பக்கம் எழுதறதுக்கு என்ன இருக்குன்னு நானும் நினைச்சேன். மொத அத்தியாயத்த அனுப்பியிருந்தாங்க. படிச்சுப் பாத்தா..."

அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. அவள் எழப்போனாள். அவன் அவள் முழங்கையைத் தொட்டு, சொல்லு என்றான். கதவு மூடிப் பேருந்து போனது. அவள் பாசியைப் பற்றிச் சொன்னாள். அது கல்லின் மேல் எப்படி வந்து உட்காருகிறது, வருடக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஒரு மழைக்கு எப்படி அரை மணி நேரத்தில் பச்சையாகிறது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான்.